93ஐ விட 95 பெரியது என்று நினைத்திருந்தேன்

முதல் டியூனரை, அதாவது கார் இன்ஜினின் நிரலை மாற்றி எழுதும் கைப்பெட்டியை, நான் வாங்கியது பாசார் மாலாம் என்னும் இரவுச் சந்தை நடக்கும் சாலைக்குப் பின்னால், ஒரு கார் நிறுத்துமிடத்தில். விற்றவர் வெளியூர்க்காரர். விளம்பரம் பார்த்து அழைத்தேன், அவரே என் ஊரான சுங்கை சிப்புட்டுக்கு வந்துவிட்டார். உள்ளங்கை அகலத்தில் ஒரு கறுப்புப் பெட்டி, முன்னால் சின்னத் திரை, கூடவே ஒரு கேபிள். பவர் பேங்கில் சொருகிக் காட்டினார். திரை எரிந்தது, மெனு நகர்ந்தது. "பாருங்கண்ணே, கீறல்கூட இல்ல" என்றார். 1,800 மலேசிய வெள்ளியை எண்ணிக் கொடுத்தேன்.

வீட்டுக்கு வந்து ஸ்டீரிங்குக்குக் கீழே இருக்கும், காரின் கணினியோடு இணைக்கும் ஓபிடி சாக்கெட்டில் மாட்டினேன். இந்தப் பெட்டி வேறொரு வாகனத்தில் நிறுவப்பட்டிருக்கிறது என்று திரையில் வந்தது. அதற்கு மேல் ஒரு அடி நகரவில்லை.

கோப் நிறுவனத்தின் அக்செஸ்போர்ட் போன்ற கைப்பெட்டிகள் ஒரு நேரத்தில் ஒரே காரோடுதான் வேலை செய்யும். முதல் தடவை மாட்டும்போது, அந்தக் காரின் ஈசியூவில், அதாவது இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியில், இருக்கும் தொழிற்சாலை நிரலைத் தனக்குள் எடுத்து வைத்துக்கொண்டு, மேப் எனப்படும் புது நிரலை எழுதிவிட்டு, அந்தக் காரோடு பூட்டிக்கொள்ளும். கார்க்காரர்கள் இதைக் 'கல்யாணம்' என்பார்கள். பிரிக்கவேண்டுமென்றால் அதே காரில் மீண்டும் மாட்டி, பழைய நிரலைத் திருப்பி எழுதி, முறையாகக் கழற்றவேண்டும். எனக்கு விற்றவர் பெட்டியைக் கழற்றாமலே காரை விற்றிருந்தார். அந்தக் கார் ஜொகூரில் யாரிடமோ இருக்கிறது. நான்கு நாள் அழைத்தேன், அப்புறம் அவர் எண்ணே இயங்கவில்லை.

அந்த 1,800 வெள்ளி திரும்பி வரவில்லை. அடுத்த பெட்டியை வாங்க ஏழு மாதம் எடுத்துக்கொண்டேன். அந்த ஏழு மாதத்தில் கேட்டதும் படித்ததும், வாங்கிய பிறகு அனுபவித்துத் தெரிந்துகொண்டதும்தான் இந்தக் கட்டுரை. நம் ஊர்ப் பையன்கள் பலர் இப்போது பழைய டர்போ கார்களை வாங்கி ஓட்டுகிறார்கள். அவர்களில் ஒருவருக்காவது என் பணம் மிச்சமாகட்டும்.

என் கார் 2015 சுபாரு டபிள்யூஆர்எக்ஸ். எஃப்ஏ20 என்னும் 2.0 லிட்டர் டர்போ இன்ஜின், பெட்ரோலை நேராக சிலிண்டருக்குள் பீய்ச்சும் வகை. 268 குதிரைத்திறன், 350 நியூட்டன் மீட்டர் டார்க் (முறுக்குவிசை), 6 கியர் மேனுவல். மூன்றாவது கை. நான் செம்பனை ஆலையில் பராமரிப்புப் பகுதியில் வேலை செய்கிறேன். பாய்லர் பக்கம் போனால் முதலில் பார்ப்பது அழுத்தமானியைத்தான். முள் எங்கே நிற்கிறது என்று பார்க்காமல் வால்வில் கை வைக்கக்கூடாது என்பது ஆலையில் முதல் நாளே சொல்லித்தரும் பாடம். காரில் மட்டும் அதை மறந்துவிட்டு, எத்தனை குதிரைத்திறன் கூடும் என்றே எல்லாரையும் கேட்டுக்கொண்டிருந்தேன்.

என்னென்ன வழிகள் இருக்கின்றன என்று முதலில் சொல்லிவிடுகிறேன். ஒன்று, பட்டறைக்குப் போய் ஈசியூவை நேரடியாக மாற்றி எழுதச் சொல்வது. ஒரு தடவை பணம் கட்டினால் முடிந்தது, ஆனால் உங்கள் கையில் எதுவும் இருக்காது. பெட்ரோல் மாறினாலோ, ஒரு பாகம் மாறினாலோ, மறுபடியும் அவரிடமே போகவேண்டும். இன்னொன்று பிக்கிபேக். இது ஈசியூவைத் தொடாது, நடுவில் உட்கார்ந்து சென்சார் சொல்லும் அளவைத் திரித்து அனுப்பும். டர்போ அழுத்தம் குறைவாக இருக்கிறது என்று ஈசியூவை நம்பவைத்து, அதிகம் வாங்கிக்கொள்ளும். கழற்றிவிட்டால் சுவடு குறைவு என்பதால் பலருக்குப் பிடிக்கும். பொய் சொல்லி வேலை வாங்கும் அந்த முறை என் மனதுக்கு ஒட்டவில்லை. மூன்றாவது ஈகியூடெக் போன்ற உரிமமுறை மென்பொருள். அந்த ஈசியூவுக்கென்று உரிமம் வாங்கி, மேப் எழுதும் நிபுணர் (அவரையும் டியூனர் என்றே சொல்வார்கள்) தன் கணினியில் அதை எழுதித் தருவார். நல்ல முறைதான், உங்களுக்குப் பக்கத்திலேயே அதில் கைதேர்ந்த டியூனர் இருந்தால்.

எனக்குப் பக்கத்தில் இல்லை. சுங்கை சிப்புட்டிலிருந்து ஈப்போ ஏறக்குறைய 30 கிலோமீட்டர், கோலாலம்பூர் 200 கிலோமீட்டருக்கு மேல். சுபாருவின் உள்மனசு தெரிந்த டியூனர்கள் கோலாலம்பூரைச் சுற்றிய கிள்ளான் பள்ளத்தாக்குப் பக்கம். ஒவ்வொரு சின்னத் திருத்தத்துக்கும் விடுப்பு எடுத்துக்கொண்டு போய்வர முடியாது. கைப்பெட்டி இருந்தால் ஓட்டும்போது இன்ஜினின் அளவுகளைப் பதிவு செய்து, கோப்பை அனுப்பி, திருத்திய மேப்பை வீட்டு வாசலிலேயே நான் ஏற்றிக்கொள்ளலாம். தோட்டப்புற ஊரில் இருப்பவனுக்குக் கைப்பெட்டி சரிப்பட்டு வருவதற்கு இதுவே முதல் காரணம். பட்டணத்தில் இருப்பவர் வேறு முடிவுக்கு வந்தால் அதுவும் சரிதான்.

இரண்டாவது பெட்டியைப் புதிதாக வாங்கினேன். வாங்கும் முன் செய்தது ஒரே ஒரு வேலை. ஓபிடி ஸ்கேனர் ஒன்றை இரவல் வாங்கி, என் ஈசியூவின் காலிப்ரேஷன் எண்ணை, அதாவது அதிலுள்ள நிரலின் அடையாள எண்ணை, படித்துத் தாளில் எழுதி, அந்த எண் ஆதரவுப் பட்டியலில் இருக்கிறதா என்று விற்பனையாளரிடம் எழுத்தில் கேட்டேன். மாடல் பெயரும் ஆண்டும் போதாது. ஒரே பெயரில், ஒரே ஆண்டில், அமெரிக்காவுக்கு ஒரு நிரல், ஐரோப்பாவுக்கு ஒன்று, நம் பக்கத்துக்கு ஒன்று என்று போட்டிருப்பார்கள். 'டபிள்யூஆர்எக்ஸுக்குப் பொருந்தும்' என்று பெட்டி மேலே எழுதியிருப்பது அமெரிக்க டபிள்யூஆர்எக்ஸைக் குறிக்கலாம். விளம்பரத்தில் படம் அழகாக இருக்கிறது என்று அவசரப்படாதீர்கள். உங்கள் எண்ணைக் கொடுத்து, "ஆமாம், இது ஏறும்" என்ற பதிலைக் கையில் வைத்துக்கொண்டு பணம் கட்டுங்கள்.

பெட்டி வந்தது, என் காரோடு பூட்டிக்கொண்டது. உள்ளே ஆயத்த மேப்புகள் இருந்தன. ஸ்டேஜ் 1 என்றால் காரில் எந்தப் பாகத்தையும் மாற்றாதவர்களுக்கு. ஸ்டேஜ் 2 என்றால் எக்சாஸ்ட் மாற்றியவர்களுக்கு. ஸ்டேஜ் 1க்குள்ளேயே பெட்ரோலின் ஆக்டேன் எண்ணைப் பொறுத்து, அதாவது பெட்ரோல் தானாக வெடிக்காமல் தாங்கும் அளவைப் பொறுத்து, 91 என்று ஒன்று, 93 என்று ஒன்று. நான் ஊற்றுவது ரோன் 95. 93ஐ விட 95 பெரியது, அப்படியென்றால் 93 மேப் தாராளமாகத் தாங்கும் என்று கணக்குப் போட்டேன். பட்டறைக்கார அண்ணனிடம் கேட்டபோது அவரும், "95 ஊத்துறீங்கல்ல தம்பி, அப்ப பிரச்சின இல்ல" என்றார்.

இந்தக் கணக்கு தப்பு. நம் நாட்டு நிலையத்தில் எழுதியிருக்கும் எண் ரோன். அமெரிக்க நிலையத்தில் எழுதியிருப்பதும், இந்த மேப்புகளில் எழுதியிருப்பதும் ரோனும் மோனும் சேர்ந்த சராசரி. மோன் என்பது அதே பெட்ரோலை இன்னும் கடுமையான நிலையில் சோதித்து எடுக்கும் எண், ரோனைவிட எட்டு, பத்து குறைவாகவே வரும். ஆகவே சராசரி எப்போதும் நம் எண்ணைவிட நான்கைந்து கீழே இருக்கும். நம் ரோன் 95ஐ அமெரிக்கக் கணக்கில் போட்டால் 91 பக்கம்தான் நிற்கும். ரோன் 97, 98 இருந்தால்தான் அவர்களுடைய 93ஐ நெருங்கும். அதாவது, 93 மேப்பைப் போட்டுக்கொண்டு நம் 95ஐ ஊற்றுபவர், இன்ஜின் கேட்பதைவிட மட்டமான பெட்ரோலைக் கொடுக்கிறார். இது தெரியாமல் நான் மூன்று நாள் ஓட்டினேன்.

மூன்றாவது நாள் ஈப்போவில் ஒரு வேலை. திரும்பும்போது பழைய சாலையில் நேரே வந்திருந்தால் அரை மணி நேரத்தில் வீடு. ஏற்றத்தில் கார் எப்படி இழுக்கிறது என்று பார்க்க ஆசைப்பட்டு, ஜெலாப்பாங்கில் நெடுஞ்சாலை ஏறி, மெனோரா சுரங்கம் தாண்டி, கோலகங்சார் சுற்றி வந்தேன். அந்த ஏற்றம் தெரிந்தவர்களுக்குத் தெரியும். இடது பக்கம் லாரிகள் எறும்பு மாதிரி ஊரும், சுண்ணாம்புக் குன்றுகள் பின்னால் இறங்கிக்கொண்டே போகும். வேக வரம்பும் அங்கே குறைவு. பிற்பகல் இரண்டு மணி வெயில். 5வது கியரில், நிமிடத்துக்கு 2,500 சுற்றில், கியரைக் குறைக்காமல் மிதித்தேன். வண்டி தூக்கிக்கொண்டு போனது, எனக்கு முதுகில் சிலிர்த்தது.

பக்கத்தில் இருந்த என் மனைவிதான் திரையைப் பார்த்தார். "என்னங்க, இந்த ஒரு கட்டம் மட்டும் ஏன் சிவப்பாவுது?"

நாக் கட்டம் அது. மைனஸ் 1.4 என்று வந்தது, மறைந்தது. மறுபடி மைனஸ் 2.8. அதற்குப் பக்கத்தில் டேம் என்று ஒரு எண். காலையில் 1.000 என்று இருந்தது, 0.875க்கு இறங்கியது. சுரங்கத்துக்குள் நுழையும்போது 0.750. இன்ஜினில் ஒரு சத்தம் இல்லை, நடுக்கம் இல்லை, டேஷ்போர்டில் ஒரு விளக்குகூட எரியவில்லை. திரை மட்டும் இல்லாமல் இருந்திருந்தால், நல்ல மேப், அருமையாக இழுக்கிறது என்று சொல்லிக்கொண்டே ஆறு மாதம் ஓட்டியிருப்பேன்.

நாக் என்ன என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும். பிளக் வைத்த தீ ஒரு பக்கத்திலிருந்து பரவிக்கொண்டு வரும். அது வந்து சேரும் முன்பே, சிலிண்டரின் ஓரத்தில் மிச்சமிருக்கும் கலவை சூடும் அழுத்தமும் தாங்காமல் தானாகவே பற்றி வெடித்துவிடும். அந்த அதிர்ச்சி பிஸ்டன் தலையில் சுத்தியலால் அடிப்பது போல. இன்ஜின் பிளாக்கில் இருக்கும் நாக் சென்சார் அந்த அதிர்வைக் கேட்டு ஈசியூவுக்குச் சொல்லும், ஈசியூ இக்னிஷனை, அதாவது பிளக் தீ வைக்கும் நேரத்தை, சில பாகை பின்னுக்கு இழுக்கும். மைனஸ் 1.4 என்பது அந்த இழுப்பு. டேம் என்பது ஈசியூ வைத்திருக்கும் நம்பிக்கை மாதிரி. 1 என்றால், தீயை முன்கூட்டி வைக்க மேப்பில் கூடுதலாக எழுதியிருக்கும் அட்வான்ஸ் முழுவதையும் கொடுக்கும். நாக் அடிக்கடி வந்தால் அந்த எண்ணைக் குறைத்து, கொடுப்பதையும் குறைக்கும். சுபாருக்காரர்கள் காரை விலைக்குப் பார்க்கப் போனால்கூட முதலில் கேட்பது இந்த எண்ணைத்தான்.

கோலகங்சாரில் இறங்கி, மாமாக் உணவுக்கடை வாசலில் காரை நிறுத்தி, அரை மணி நேரம் இன்ஜினை ஆறவிட்டு, அங்கேயே பழைய தொழிற்சாலை மேப்பைத் திருப்பி ஏற்றினேன். கைப்பெட்டியின் அருமை அன்றுதான் புரிந்தது. பட்டறையில் மாற்றி எழுதிய காராக இருந்திருந்தால் அந்த வெயிலில், அந்த ஊரில், நான் என்ன செய்திருக்க முடியும்?

அதன் பிறகு நான் வைத்துக்கொண்ட வழக்கம் இது. ஊற்றுவது ரோன் 97, போடுவது 91 மேப். இடையில் இருக்கும் வித்தியாசம் நம் வெயிலுக்கான காப்பு. ஆயத்த மேப் எழுதுபவர்கள் எல்லா ஊருக்கும் பொதுவாக எழுதுகிறார்கள், எங்கள் பேராக் மாநிலத்தின் 34 பாகை பிற்பகலை மனதில் வைத்து எழுதுவதில்லை. ரோன் 97க்கு அரசாங்க உதவித்தொகை கிடையாது. விலை வாரா வாரம் புதன்கிழமை அறிவிக்கிறார்கள், ஏறும், இறங்கும். இந்தச் செலவு மாதா மாதம் வரும் செலவு. டியூனரின் விலையை மட்டும் பார்த்து முடிவெடுக்காமல், ஒரு ஆண்டுக்கு எத்தனை லிட்டர் ஊற்றுவீர்கள் என்று போட்டுப் பாருங்கள். அது கட்டுப்படியாகாது என்றால், 95ஐ ஊற்றிக்கொண்டு தொழிற்சாலை மேப்பிலேயே ஓட்டுவது நல்லது. அதில் எந்தக் குறையும் இல்லை. பெட்ரோன் நிலையங்களில் பிளேஸ் 100 என்று ரோன் 100ம் விற்கிறார்கள், ஆனால் எல்லா நிலையத்திலும் கிடைக்காது. ரோன் 100க்கென்றே மேப் எழுதிக்கொண்டு, தீபாவளிக்கு ஊருக்குப் போகும் வழியில் அது கிடைக்காமல் நிற்கவேண்டி வந்தால் என்ன செய்வது? உங்கள் ஊர் நிலையத்தில் எப்போதும் இருக்கும் பெட்ரோலுக்கு எழுதிய மேப்தான் உங்களுக்கான மேப்.

அப்புறம் தொலைவிலிருந்து டியூன் பண்ணும் ஒருவரைப் பிடித்தேன். ஆயத்த மேப்பிலிருந்து தொடங்கி, என் காரின் பதிவுகளைப் பார்த்து, ஐந்து தடவை திருத்தி அனுப்பினார். முதல் பதிவை அனுப்பியபோது நான் பயந்துபோய்ச் சிவப்பு வட்டம் போட்ட இடங்களில் பாதியை அவர் தள்ளிவிட்டார். மேடு பள்ளத்தில் ஏறி இறங்கும்போதும், கியர் மாற்றும்போதும் வரும் அதிர்வை நாக் சென்சார் சில நேரம் தப்பாகக் கேட்டுவிடும். ஒரு தடவை வந்து போகும் மைனஸ் 1.4க்குக் கலங்கவேண்டாம். அதே சுற்றில், அதே சுமையில், மூன்று தடவை மிதித்தால் மூன்று தடவையும் வருகிறதா? அதுதான் உண்மையான நாக். டேம் 1ஐ விட்டு இறங்கினால் அன்றே கவனிக்கவேண்டும். பதிவைப் படிக்கத் தெரிந்த ஒருவர் இல்லாமல் டியூனர் வாங்குவது, இரத்தப் பரிசோதனை எடுத்துவிட்டு மருத்துவரைப் பார்க்காமல் இருப்பது போல. டியூனர் வாங்க வைத்திருக்கும் பணத்தில் ஒரு பகுதியை அவருக்கென்று முதலிலேயே ஒதுக்கிவிடுங்கள்.

நானாக அவரிடம் கேட்டு வாங்கியது ஒன்று உண்டு. 3,000 சுற்றுக்குக் கீழே டார்க்கைக் கூட்டவேண்டாம் என்றேன். நேரடிப் பீய்ச்சல் டர்போ இன்ஜின்களுக்குக் குறைந்த சுற்றில் அதிகச் சுமை ஆகாது. பிளக் தீ வைக்கும் முன்பே கலவை பற்றிக்கொள்ளும் ஆபத்து அங்கேதான் அதிகம். அது வந்தால் கனெக்டிங் ராடு வரை அடி விழும், நாக் போலச் சில பாகை பின்னிழுத்துச் சமாளிக்க முடியாது. மெனோரா ஏற்றத்தில் 5வது கியரில் மிதித்தேனே, அது மேப் எதுவாக இருந்தாலும் செய்யக்கூடாத காரியம். இப்போதெல்லாம் ஏற்றம் வந்தால் முதலில் கியர் இறங்கும், அப்புறம்தான் கால் அழுத்தும். இன்ஜின் ஆயிலையும் இதற்காகவே பார்த்து வாங்குகிறேன். ஆயில் தரக்குறியீடுகளில் 2018ல் வந்த ஏபிஐ எஸ்என் பிளஸ், 2020ல் வந்த எஸ்பி, இரண்டுமே இந்த முன்பற்றலுக்கான சோதனையில் தேறியவை. டப்பாவின் பின்புறம் வட்ட முத்திரையில் எழுதியிருக்கும்.

பதிவு எடுக்க முழு மிதி மிதிக்கவேண்டும். 3வது கியரிலேயே இந்தக் கார் மணிக்கு 110 கிலோமீட்டரைத் தாண்டிவிடும். சாலையில் அதைச் செய்யாதீர்கள். தோட்டச் சாலையில் ஆள் இல்லை என்று நினைப்போம், வளைவுக்கு அந்தப் பக்கம் பழம் ஏற்றிய லாரி நிற்கும், மோட்டாரில் வேலை முடிந்து வருகிறவர்கள் இருப்பார்கள். என் அப்பா அப்படித்தான் முப்பது ஆண்டு ரப்பர் பால்வாளியைக் கட்டிக்கொண்டு வந்துபோனார். கடைசி இரண்டு பதிவுகளை, சக்கரத்தில் வரும் சக்தியை அளக்கும் டைனோ இயந்திரம் உள்ள பட்டறையில் நேரம் எடுத்துத்தான் செய்தேன். டைனோவில் வரும் எண்ணை ஊரில் சொல்லிக்கொண்டு திரிய அவசியம் இல்லை. ஒவ்வொரு டைனோவும் ஒவ்வொரு எண் சொல்லும், சக்கரத்தில் அளப்பது எப்போதும் கம்பெனி சொல்லும் எண்ணைவிடக் குறைவாகவே வரும். முன்பும் பின்பும் ஒரே டைனோவில், முடிந்தால் ஒரே நாளில் அளந்தால் மட்டும் அதற்கு அர்த்தம் உண்டு.

வெயிலைப் பற்றி இன்னும் ஒன்று. மகளை மகாத்மா காந்தி கலாசாலையிலிருந்து ஏற்றுவது என் பொறுப்பு. பள்ளி விடும் நேரத்துக்குப் பத்து, பதினைந்து நிமிடம் முன்னால் போய், ஏர்கண்டிஷனைப் போட்டுக்கொண்டு காத்திருப்பேன். இந்தக் காரில், டர்போ தள்ளும் காற்றைக் குளிரவைக்கும் இண்டர்கூலர் இன்ஜினுக்கு நேர் மேலே உட்கார்ந்திருக்கிறது. வண்டி ஓடினால் பானெட்டில் உள்ள வாய் வழியாகக் காற்று வந்து குளிரவைக்கும். நின்றால் அடுப்பின் மேல் வைத்த தட்டு மாதிரி கீழிருந்து சூடேறும். திரையில் உள்ளே போகும் காற்றின் வெப்பநிலை 40, 45, 50 என்று ஏறிக்கொண்டே போவதை உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். மகள் ஏறியதும், "அப்பா, நம்பர் எவ்ளோ?" என்றுதான் கேட்பாள். அந்த நிலையில் காலை அழுத்தினால் நாக் வருவதற்கு எல்லாமே தயாராக இருக்கும். ஆகவே பள்ளியிலிருந்து புறப்பட்டால் இரண்டு மூன்று கிலோமீட்டர் நிதானமாக உருட்டி, எண் இறங்கிய பிறகுதான் மற்றதெல்லாம். டியூனர் வாங்கும்போது இந்த எண்ணையும், நாக்கையும், டேமையும் ஒரே திரையில் காட்டுமா என்று கேளுங்கள். சில மலிவுப் பெட்டிகள் மேப்பை மட்டும் ஏற்றும், திரையில் எதுவும் காட்டாது. அவற்றை நான் யாருக்கும் பரிந்துரைக்கமாட்டேன்.

காற்று வடிகட்டி. வாங்கிய புதிதில் பளபளப்பான இன்டேக் ஒன்றைப் போட ஆசைப்பட்டேன். இந்தக் கார் உள்ளே போகும் காற்றின் எடையை இன்டேக் குழாயில் இருக்கும் சென்சார் வைத்து அளக்கிறது. குழாயின் அகலம் மாறினால் அளவும் மாறும். ஸ்டேஜ் 1 மேப்புக்கு அந்த மாற்றம் தெரியாது, பெட்ரோல் கணக்கு பிசகும். அதோடு எங்கள் பக்கத்துச் செம்மண் தூசி. ஆலைச் சாலையில் ஒரு வாரம் போய்வந்தால் வடிகட்டி செங்கல் நிறமாகிவிடும். எண்ணெய் தடவிய பஞ்சு வடிகட்டியில் அதிகம் எண்ணெய் பூசிவிட்டால் சென்சாரிலும் படியும். கம்பெனித் தாள் வடிகட்டியையே போட்டுக்கொண்டு, புத்தகத்தில் சொல்வதற்குப் பாதி நாளிலேயே மாற்றிவிடுகிறேன்.

மேப் ஏற்றும்போது பேட்டரியைக் கவனியுங்கள். ஏறுவதற்குச் சில நிமிடங்கள் ஆகும், அப்போது ஈசியூ பாதி எழுதிய நிலையில் இருக்கும். நடுவில் மின்சாரம் விழுந்தால் கார் அசையாது. பேட்டரி பழையது என்றால் சார்ஜரை மாட்டுங்கள். விளக்கு, ரேடியோ, ஏர்கண்டிஷன் எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள், கேபிளில் கால் படாமல் உட்காருங்கள். சர்வீஸுக்கு விடும் முன் பெட்டியை முறையாகக் கழற்றித் தொழிற்சாலை நிலைக்குக் கொண்டுவந்துவிடுங்கள். அவர்கள் தங்கள் கருவியால் ஈசியூவைப் புதுப்பித்துவிட்டால், பெட்டிக்கும் காருக்கும் இடையில் சிக்கல் வரும். கழற்றினாலும், மாற்றி எழுதிய தடயம் ஈசியூவில் தெரியலாம். உத்தரவாதம் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் கார் என்றால் இதை யோசித்துத்தான் இறங்கவேண்டும். காப்புறுதி நிறுவனத்திடமும் மாற்றத்தைச் சொல்லிவிட்டேன். சொல்லாமல் இருந்து, விபத்து நடந்த பிறகு அவர்கள் கண்டுபிடிப்பதைவிட, இப்போதே கொஞ்சம் கூடுதலாகக் கட்டுவது நிம்மதி.

எல்லாவற்றுக்கும் முன்னால் கார் நலமாக இருக்கிறதா என்று பாருங்கள். மூன்றாவது கை, நான்காவது கை டர்போ காரை வாங்கி, அடுத்த வாரமே டியூனரை மாட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். என் காரில் முதலில் கம்ப்ரெஷன் பார்த்தோம், பிளக் மாற்றினோம், காற்றுக் கசிவு தேடி ஒரு ரப்பர் குழாயைக் கண்டுபிடித்தோம். நேரடிப் பீய்ச்சல் இன்ஜினில் வால்வைக் கழுவ அந்தப் பக்கம் பெட்ரோல் வராது, கரி படியும், அதையும் சுத்தம் செய்தோம். பெட்டியை மாட்டிய பிறகும் முதல் ஒரு வாரம் தொழிற்சாலை மேப்பிலேயே பதிவு எடுத்திருக்கவேண்டும். நான் செய்யவில்லை. செய்திருந்தால், இந்தக் கார் நம் 95இல் சாதாரணமாக என்ன எண் காட்டும் என்று தெரிந்திருக்கும், மெனோராவில் முதல் சிவப்பிலேயே காலை எடுத்திருப்பேன்.

போன மாதம் அக்கா மகன் வந்தான். அவனும் இதே மாதிரி கார் வாங்கியிருக்கிறான். தைப்பிங்கில் ஒருவர் டியூனரைப் பாதி விலைக்கு விற்கிறாராம், அன்று மாலையே போய் வாங்கப் போகிறேன் என்றான். "மாமா, நீங்களும் வர்றீங்களா?" எனக்கு ஆலையில் இரவு வேலை. மடிக்கணினியையும் யூஎஸ்பி கேபிளையும் கொடுத்தனுப்பினேன். பணத்தைக் காட்டும் முன்பு பெட்டியைக் கணினியில் இணைத்து, சாதன விவரத்தில் நிறுவப்பட்டிருக்கிறது என்று இருக்கிறதா, இல்லை என்று இருக்கிறதா பார்க்கச் சொன்னேன்.

இரவு ஒன்பதரைக்குக் கைப்பேசியில் ஒரு படம் அனுப்பினான். 'நிறுவப்பட்டது' என்ற வரியும், கீழே யாருடைய காரின் சேசிஸ் எண்ணோ முழுதாகத் தெரிந்தது. விற்பவரிடம் அந்தக் கார் எங்கே என்று கேட்டானாம், அவர் பதில் சொல்லவில்லையாம். பத்தரைக்கெல்லாம் பணத்தோடு வீட்டுக்கு வந்து சாப்பிட உட்கார்ந்துவிட்டான்.